கேமராவுக்குக் காட்டிய வெள்ளை

கேமராவுக்கு எது வெள்ளை என்று தெரியாது, அய்யா. குண்டு பல்பு வெளிச்சத்தில் சிவப்புக் கம்பளத்தின் மேல் நிறுத்தி எடுத்தால் மணப்பெண்ணின் வெள்ளை உடைகூட ஆரஞ்சாகத்தான் வரும். அதனால் முதலில் அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் படம் பிடித்து, இதுதான் வெள்ளை என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும். பிறகு மற்ற நிறங்களை அதுவே சரிசெய்துகொள்ளும். எதைக் காட்டினாலும் நம்பும்.

நாரின் நகரத்து டாக்டர் பெர்மெத்தை நீங்கள் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த அம்மாள் மேல் பிழை இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

என் தம்பி ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். அவன் மனைவி அய்சிரெக்குக்குப் பெண் பிறந்து அன்று ஐந்தாம் நாள். நாற்பது நாள் கழியாமல் எங்கள் பக்கம் பிள்ளையை வாசல் தாண்டவிட மாட்டார்கள். டாக்டரே ஆபத்து என்று சொன்னால்தான் என் அம்மா இறங்கிவருவாள். பிள்ளை மஞ்சளாக இருக்கிறது என்று அய்சிரெக் டாக்டருக்குப் போன் செய்திருக்கிறாள். "போன்ல எடுக்கிற படத்துல நிறத்தை நம்ப முடியாதும்மா. உன் மூத்தாரு போட்டோக்காரர்தானே, நிறம் சரிபார்த்து எடுத்து அனுப்பச் சொல்லு" என்றிருக்கிறார் அவர்.

நான் அப்போதுதான் மூன்று நாள் கல்யாணம் ஒன்றை எடுத்து முடித்துவிட்டு வந்திருந்தேன். கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது. வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் வீட்டில் நான் ஒருவன்தான். வெளியே பனி. கணவாய் தாண்டி நாரினுக்குப் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம்.

முதல் படத்தை வெள்ளைத் தாளைக் காட்டித்தான் எடுத்தேன். பிள்ளை உருக்கிய வெண்ணெயின் நிறத்தில் இருந்தது, கண்ணின் வெள்ளையும் அப்படியே. அந்தப் படத்தை அழித்தேன். பிறகு பிள்ளையைச் சுற்றியிருந்த, பழுப்பேறி மஞ்சளாகிப்போன துணியைக் காட்டி இதுதான் வெள்ளை என்றேன். இரண்டாவது படத்தில் பிள்ளை ரோஜா நிறத்தில் வந்தது.

அய்சிரெக் திரையை எட்டிப் பார்த்தாள். எங்கள் வீடுகளில் மருமகள் கணவனின் அண்ணனை எதிர்த்துப் பேசமாட்டாள், பெயரும் சொல்லமாட்டாள்.

"மாமா, நேர்ல பார்த்தா இன்னும் மஞ்சளாத் தெரியுதுங்களே."

"பல்பு வெளிச்சம்மா அது. நம்ம கண்ணு ஏமாத்தும், கேமரா ஏமாத்தாது."

தலையாட்டினாள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, பயமில்லை, பால் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். பாவம், அவர் வேறு என்ன சொல்வார்?

அம்மா ஓர் இழவு வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். நான் பட்டப்பகலில் போர்வையை இழுத்து மூடிப் படுத்தேன். சாயங்காலம் பிள்ளை பால் குடிக்காமல் உடம்பு விறைத்துப்போயிருக்கிறது. மூத்தார் படுத்திருக்கும் அறைக்குள் மருமகள் வரக்கூடாது என்பதால், கதவுக்கு வெளியே நின்று இருமிக்கொண்டிருந்தாளாம். மறுநாள் காலை எழுந்து பிள்ளையைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். கணவாய் ஏறுவதற்குள் பிள்ளை அவள் மடியிலேயே போய்விட்டது.

பிள்ளைக்கு இருப்பது அந்த ஒரு படம்தான். பெரிதாக்கித் தரச் சொன்னாள், செய்து கொடுத்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் நல்ல நிறம் என்றார்கள். எனக்கும் அந்தப் படத்தில் குறை தெரியவில்லை.

ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் எழுந்திருப்பேனே என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அவளும் அதை நம்பி, தன் மேல்தான் தப்பு என்று அழுகிறாள். எழுதுகிறீர்கள் அல்லவா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் இருமியது என் காதில் விழுந்தது. விழித்துத்தான் இருந்தேன். மூன்று நாள் கல்யாணம், அய்யா. என் இடத்தில் யார் இருந்திருந்தாலும் கொஞ்ச நேரம் படுக்கத்தான் செய்திருப்பார்கள்.