காற்றுச் சத்தத்தில் ஆட்டிய தலை

மலைப்பாதையில் கட்டபெட்டு பெட்ரோல் பங்க் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் பைக்கோடு நின்றார்கள்.

“காத்துத் தடுக்கற முன்கண்ணாடியக் கீழ ஒரு வெரல் எடம் உட்டு மாட்டிட்டேன். காத்து அது வழியாப் போயிருது, ஹெல்மெட்டுல அடிக்கறதில்ல. இனி நீ பேசறது நல்லாக் கேக்கும்,” என்றார் கணவர்.

“அப்ப இத்தன நாளாக் கேக்கலீங்களா?”

“எங்க கேட்டுது? சும்மா தலையாட்டுவேன்.”

“வண்டி ஓட்டப் பழகட்டுங்களான்னு கேட்டதுக்கும் தலையாட்டுனீங்க. அதான் அண்ணன் வண்டியில பழகிட்டேனுங்க. லைசென்சும் வாங்கியாச்சு.”

அவர் திகைத்துத் திரும்பினார். பெட்ரோல் போட்டு முடிந்ததும் சாவியை மனைவியிடம் நீட்டிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“இது மொதல்லயே காதுல உழுந்திருந்தா, நான் எப்பவோ பின்னாடி ஒக்காந்து மலையப் பாத்துட்டு வந்திருப்பேன்!”