கடிகாரத்தில் இருந்த நாலாவது பேட்டரி

என் முழுப் பெயர் புகார் மனுவில் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் என்னை எல்லோரும் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இருபத்தொன்பது. மேம்பாலத்துக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில், லாரி ஓட்டும் என் கணவரோடும் அவருடைய தங்கையோடும் குடியிருக்கிறேன். சலவைத்தூள் தொழிற்சாலையில் எடை பார்ப்பவளாக ஏழு வருடமாக வேலை செய்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பதிவேட்டைத் திருடினேன், சுவர்க் கடிகாரத்தை உடைத்தேன், நர்ஸை வேலை செய்ய விடாமல் தடுத்தேன் என்று அந்த நிலையத்தின் பொறுப்பு அலுவலர் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்கிறார்கள். பதிவேட்டை எடுத்தது உண்மை. கடிகாரத்தை உடைக்கவில்லை. நர்ஸை அன்றைக்குத்தான் வேலை செய்ய வைத்தேன். என் குழந்தை பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்றும், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும் என்றும், அடுத்த வேளை பகல் ஒரு மணிக்கு என்றும் வந்தவுடனே சொல்லிவிட்டேன். அதையும் எழுதச் சொன்னேன்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை ஓடுகிற வரிசையிலிருந்து ஐந்து ஒரு கிலோ பாக்கெட்டுகளை எடுத்து, எடை போட்டு, நோட்டில் எழுத வேண்டும். ஆயிரத்து இரண்டு வரும், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று எட்டு வரும், ஆயிரத்து ஐந்து வரும். நிஜமாகப் பார்த்து எழுதினால் ஒரே எண் வரிசையாக வராது. வந்தால் தராசு கெட்டிருக்கிறது, அல்லது எழுதியவள் தராசுப் பக்கமே போகவில்லை. ஆய்வுக்கு ஆட்கள் வரும் நாட்களில் சூப்பர்வைசர் சொல்லி நானும் காலையிலேயே சாயங்காலம் வரைக்குமான கட்டங்களை நிரப்பி வைத்திருக்கிறேன். அது சலவைத்தூள், யாரும் சாகவில்லை. ஆனாலும் செய்திருக்கிறேன்.

எனக்கு இது முதல் பிள்ளை. மூன்றாவது மாதத்தில் மேற்படி சுகாதார நிலையத்தில் பதிந்தபோது நர்ஸம்மா கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். அதன் பிறகு ஐந்து தடவை போனேன், ஒரு தடவைகூடப் பட்டை கட்டவில்லை. கேட்டதற்கு, "உனக்கெல்லாம் ஒண்ணும் வராதும்மா, தெம்பாத்தானே இருக்க" என்றார். ஐந்து தடவையும் கார்டில் 120/80 என்று எழுதிக் கொடுத்தார். ஏழாவது மாதம் போனபோது என்னை உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே பதிவேட்டில் என் வரிசைக்கு நேராக அந்த எண் எழுதியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன். அரை நாள் லீவில் வந்திருந்தேன், சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் திரும்பிப் போக வேண்டும், வேலை சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

அதன் பிறகு என் கால் வீங்கி என் செருப்பு நுழையாமல் போய், என்னைவிட இரண்டு அளவு பெரிய பாதம் உள்ள நாத்தனாரின் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். முகம் உப்பியிருந்ததைப் பார்த்து நாத்தனார், "அண்ணி, கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி ஆயிடுச்சு, அண்ணனுக்கு அடையாளம் தெரியாது" என்று கேலி செய்தாள். நானும் சிரித்தேன். அதன் பிறகு தலை விண்விண் என்று தெறித்தது, கண்ணுக்கு முன்னால் வெல்டிங் பொறி மாதிரி மின்னியது. தொழிற்சாலை முதலுதவி அறையில் இருப்பவரிடம் போனேன். அவர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிரஷர்லாம் சுத்தமா இருக்கு, நாலு நாள் முன்னாடிதான் பாத்திருக்காங்க. கண்ணுல பவர் ஏறியிருக்கும், போய்க் காட்டு" என்றார். அவரிடம் பிரஷர் மிஷின் இருந்தது. கார்டு இருந்ததால் அதை எடுக்கவில்லை. அதன் பிறகு நான் கண்ணாடிக் கடைக்குப் போய் எழுத்துகளைப் படித்துக் காட்டி ஒரு கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அது இன்னும் அந்தக் கடையில்தான் கிடக்கிறது. எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

அதற்கு மூன்றாம் நாள் எடை மேடையில் பாக்கெட்டைத் தூக்கியது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம். கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளி, நான் விழுந்ததை என்னோடு வேலை செய்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் 190/120 இருந்ததாகவும், வலிப்பை நிறுத்த ஊசி போட்டு உடனே ஆபரேஷன் செய்ததாகவும் பிறகு சொன்னார்கள். முப்பத்தொரு வாரத்தில் பெண் குழந்தை, எடை ஆயிரத்து நூற்று நாற்பது கிராம். எனக்கு அந்த எடையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பாக்கெட்டும் ஒரு கைப்பிடித் தூளும். ஏழு வருடத்தில் அந்த எடையை எத்தனை ஆயிரம் தடவை தூக்கிப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை, இவளைத் தூக்க மட்டும் ஒன்பது நாள் விடவில்லை. மூச்சுக்குக் குழாய், பாலுக்குக் குழாய். முதல் வாரத்தில் எடை ஆயிரத்து அறுபதுக்கு இறங்கியது. டாக்டரம்மாவிடம் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டேன். "ரெண்டு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா மாத்திரை குடுத்து, பக்கத்துலயே வெச்சுப் பாத்து, இன்னும் கொஞ்ச நாள் உள்ளயே இருக்க விட்டிருக்கலாம்மா" என்றார்.

பதினான்காம் நாள் காலை, நடக்க முடிந்ததும், மேற்படி நிலையத்துக்கு நாத்தனாரோடு போனேன். சண்டை போடப் போகவில்லை, ஏன் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் போனேன். பெஞ்சில் ஐந்து கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் பதிவேடு திறந்திருந்தது. அந்தப் பக்கத்தில் பதினான்கு வரிசை, பதினான்கிலும் 120/80. பதினான்கு பாக்கெட்டும் சரியாக ஆயிரம் கிராம். மிஷின் எங்கே என்று கேட்டேன். நர்ஸம்மா அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். நான்கு பேட்டரி போடும் இடத்தில் மூன்றுதான் இருந்தது. நாலாவது எங்கே என்று கேட்டதற்கு அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஊழியர்கள் எத்தனை மணிக்கு வந்து கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்க்க, பொறுப்பு அலுவலர் மிஷினிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றிக் கடிகாரத்தில் போடச் சொன்னாராம். "அஞ்சு மாசமா எழுதிக் கேக்குறேம்மா, வரல. கட்டத்தைக் காலியா விட்டா எனக்கு மெமோ வருது. நான் என்ன பண்ணட்டும்?" என்று நர்ஸம்மா கேட்டார். மிஷின் ஓடவில்லை என்று அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கலாம் என்று நான் சொன்னேன்.

அதன் பிறகு நான் நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றி, பேட்டரியை உருவி மிஷினில் போட்டேன். வயிற்றில் தையல் இழுத்தது. மிஷின் திரையில் உடனே வெளிச்சம் வந்தது. ஐந்து மாதம் ஒரு பேட்டரிக்காகச் செத்துக் கிடந்த மிஷின் அது. கடிகாரம் பதினொன்று பத்தில் நின்றது, உடையவில்லை. அதை மேஜை மேல் பத்திரமாக வைத்தேன், இப்போதும் அங்கே இருக்கும், போய்ப் பாருங்கள். பெஞ்சில் இருப்பவர்களுக்குப் பாருங்கள் என்று நர்ஸம்மாவிடம் சொன்னேன், சத்தமாகத்தான் சொன்னேன். அவர் ஒவ்வொருத்திக்காகப் பட்டை கட்டினார். நான்காவதாக இருந்தவளுக்கு 152/100 வந்தது. நர்ஸம்மா இரண்டாவது தடவை பார்த்தார், மறுபடியும் அதே மாதிரி வந்ததும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் சமயத்தில் பொறுப்பு அலுவலர் உள்ளறையிலிருந்து வந்தார். வந்தவர் முதலில் கேட்டது, "கடிகாரத்தை யார் கழட்டினது?" என்பதுதான்.

அதன் பிறகு அந்த நான்காவது பெண்ணை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு, பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். செல்போனில் படம் எடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்டீர்கள். மறுநாள் அந்த மேஜையில் புதுப் பதிவேடு இருந்திருக்கும், அதில் பதினான்கு பேருக்கும் பதினான்கு விதமான எண் இருந்திருக்கும். ஆய்வுக்கு முந்தின நாள் எங்கள் தொழிற்சாலையிலும் அப்படித்தான் நடக்கும், எழுதியவள் சொல்கிறேன்.

அதன் பிறகு மூன்று நாள், ஒரு பால் வேளைக்கும் அடுத்த பால் வேளைக்கும் நடுவில், நாத்தனார் ஸ்கூட்டர் ஓட்ட, மருந்துக் கடைக்காரரிடம் இரவல் வாங்கிய மிஷினோடு அந்தப் பக்கத்தில் இருந்த முகவரிகளுக்குப் போனோம். ஒரு வரிசை நான். மீதி பதின்மூன்றில் பன்னிரண்டு பேரைப் பார்த்தோம். பதினொரு பேருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சிலர் திட்டினார்கள், ஒருத்தி எங்களை மிஷின் விற்க வந்தவர்கள் என்று நினைத்து விலை கேட்டாள். ஆறாவது வரிசையில் இருந்தவள் தையல்காரி. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மாமியார் வாசலை மறித்து, "நல்லா இருக்கிற பொண்ணைப் பயமுறுத்த வந்துட்டீங்களா? கார்டைப் பாருங்க, எல்லாம் சரியா இருக்கு" என்று கார்டை என் முகத்துக்கு நேராக நீட்டினார். என் கார்டையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே எண், ஒரே கையெழுத்து. "எனக்கும் சரியாத்தான் இருந்துச்சும்மா, பெட்டிக்குள்ள இருக்கிற என் பிள்ளையை வந்து பாருங்க" என்றேன். அவர் வழி விட்டார். தையல்காரிக்கு 170/112 இருந்தது. கண்ணில் பொறி பறக்கிறதா என்று கேட்டேன், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். ஸ்கூட்டரில் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்றைக்கும் அங்கேதான் மாத்திரையில் இருக்கிறாள். அவள் பிள்ளை இன்னும் உள்ளேயே இருக்கிறது.

நான்காம் நாளான இன்று காலை பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்க மேற்படி நிலையத்துக்குப் போனேன். அங்கே வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். ஜீப்பில் நான்கு பேர் வந்தீர்கள். பதிவேட்டை உறையில் போட்டு அரக்கு வைத்து ஒட்டினீர்கள்.

அந்த உறைக்குள் பதினொன்றாவது வரிசை இருக்கிறது. எட்டு மாதம், அவளுக்கும் 120/80. போன வாரம் வீடு மாறிப் போய்விட்டாள், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இடம் தெரியவில்லை, எழுதியிருக்கும் போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைகிறது. மூன்று நாள் தேடியும் என்னால் முடியவில்லை. என்னிடம் ஒரு நாத்தனாரும் ஒரு ஸ்கூட்டரும்தான் உண்டு. என் மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், நீதிமன்றத்துக்கு வந்து இதையே சொல்வேன். என்னைப் பிடிக்க வந்த நான்கு பேரை இன்றைக்கே அவளைத் தேட அனுப்புங்கள். அவள் பெயரும் பழைய முகவரியும் என் கையெழுத்தில் தனித்தாளில் எழுதி இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

இது இரண்டாவது தாளில் எழுதப்பட்ட வாக்குமூலம். முதலில் நீட்டிய தாளில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "படித்துக் காட்டப்பட்டது, அனைத்தும் சரி" என்று அடியில் எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறியும் போட்டிருந்தது. நேரம் மிச்சமாகும் என்று எல்லோருக்கும் அப்படித்தான் செய்வதாக எழுத்தர் சொன்னார். அந்தத் தாளில் நான் பேச மாட்டேன் என்று சொன்னேன். அவர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வெற்றுத் தாள் எடுத்தார். இப்போது மணி ஒன்று இருபது. பால் கட்டி ஜாக்கெட் நனைந்துவிட்டது. மேலே இருப்பதை நானே ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்தேன். நான் சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றும் எழுதப்பட்டது, சொல்வதற்கு முன் எதுவும் எழுதப்படவில்லை, எல்லாம் உண்மை.

(கையெழுத்து)