உயிரோடை இருக்கிறவைக்குப் போடுறேல்லை

— அதெல்லாம் விளங்குது, தம்பி சிவகரன். பக்கத்து வீட்டு இளையதம்பி அண்ணையின்ரை போனிலை முழுக்க நாய்க்குட்டி வருது. என்ரை போனிலை விடிஞ்சா ஒரே மரண அறிவித்தல். ஏன் எனக்கு மட்டும்?

— அம்பிகை அக்கா, நீங்கள் என்ரை ஊர்ச் செய்திப் பக்கத்திலை அதைத்தானே திறந்து பாக்கிறியள். போன் கவனிச்சுக்கொண்டிருக்கும், சரியோ. நீங்கள் எதிலை கனநேரம் நிக்கிறியளோ, அதையே பிறகும் பிறகும் கொண்டுவந்து வைக்கும்.

— பாரும், அப்ப ஆளுக்கொரு உலகம். பிரான்சிலை என்ரை மோன் றஜீபன்ரை போனிலை என்ன வரும்?

— அவன் எதைப் பாக்கிறானோ அது.

— ரெயினிலை போகேக்கை பாப்பான். வெளியிலை ஒரே இருட்டு, கையிலை மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள்ளை மடத்துவெளிக் கடல் ஒருக்கா வந்து போகுமோ? எங்கடை வேலிப் பூவரசு பூத்திருக்கு, அது தெரியுமோ?

— பூவரசு பூத்ததை நான் செய்தியாப் போடுறேல்லையே, அக்கா.

— ஓம், நீர் சாவைத்தானே போடுறனீர்.

— ஐயோ, திருவிழாவும் போடுறனான்! ஆனா உண்மைதான். வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை சனம் முதல் திறக்கிறது மரண அறிவித்தலைத்தான். ஆர் போனது, ஆற்றை பேர் இருக்கு, ஆற்றை பேரை விட்டிட்டினம் எண்டு.

— அப்ப எனக்கொண்டு போடும்.

— என்னத்தை?

— மரண அறிவித்தல். அம்பிகை குலசிங்கம், மடத்துவெளி. பிள்ளையளிலை றஜீபன்ரை பேர் முதல். மூத்தவள் நிலாந்தி பிறகு வரட்டும்.

— அக்கா, நீங்கள் என்ரை கடைக் கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறியள், சரியோ. உயிரோடை இருக்கிறவைக்குப் போடுறேல்லை.

— உயிரோடை இருக்கிறதை ஆர் திறந்து பாக்கினம்? தேப்பன்ரை அறிவித்தலிலை அவன்ரை பேர் விடுபட்டது. அண்டையிலையிருந்து நான் எடுத்தா அவன் போனைத் தொடுறானில்லை. ரண்டு வரியமாச்சுது.

— நிலாந்தி அக்காவின்ரை மனுசன்தான் தன்ரை பேரை வேணுமெண்டு வெட்டினவர் எண்டு அங்கை கதைச்சுத் திரியிறானாம்.

— மருமேன் பாவம். கனடாவிலை இருக்கிற அவருக்கு என்ன தெரியும்?

— சரி, நான் பொய்யாப் போடுறன் எண்டு வையுங்கோ. விழுந்தடிச்சுக்கொண்டு பிளேன் ஏறி வருவான். வந்து, நீங்கள் வீட்டு முத்தம் கூட்டிக்கொண்டு நிக்கிறதைக் கண்டா?

— பேசுவான். பேசட்டும். வாசல்லை நிண்டுதானே பேசுவான்.

— அதுக்கு முதல் அந்த ரெயினிலை, தனிய நிண்டு, அதை வாசிப்பான் அக்கா.

— நினைச்சுப் பாத்தன். இருட்டுக்குள்ளை அவன்ரை முகம் மட்டும் தெரியுது. வேண்டாம், தம்பி.

— இஞ்சை பாருங்கோ, உங்கடை குரலிலை கதையுங்கோ. அதைப் பிடிச்சு, மரண அறிவித்தல் போடுற அதே இடத்திலை போடுறன். மேலை அவன்ரை பேர் பெரிசா.

— சுத்திவரக் கறுப்புக் கரையோ?

— பச்சைக் கரை. அமத்திப்போட்டன், கதையுங்கோ.

— றஜீபன், அம்மா கதைக்கிறன். சாகேல்லை, சிவகரன்ரை கடையிலை இருக்கிறன். அண்டைக்கு அப்பாவின்ரை அறிவித்தலுக்குப் பேர் சொல்லிக் குடுத்தது அத்தான் இல்லை ராசா, நான். வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையளின்ரை பேரைச் சொல்லுங்கோ எண்டு கேட்டவை. நீ போய் அப்ப ஒரு மாசந்தான். நீ போயிட்டாய் எண்டது எனக்குப் பழகேல்லை. உள்ளுக்கை படுத்திருக்கிறாய் எண்ட நினைப்பிலை, அக்காவின்ரை பேரை மட்டும் சொல்லிப்போட்டன்.