ஐம்பத்தெட்டு விழுக்காட்டுக்குக் கதவு திறந்த கதை

தலைமை ஏற்றதோடு நில்லாமல், தன் தண்ணீர்க் குவளையையும் எனக்குத் தள்ளி வைத்திருக்கும் தலைவர் அவர்களே! முதுகுவலியை மறைத்து முகமலர்ச்சியோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடும் அன்போடும் வந்திருக்கும் தாய்மார்களே! பாட்டி எப்போது முடிப்பாள் என்று பின்னால் நின்று பார்க்கும் பிள்ளைச் செல்வங்களே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நம் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவளை அழைத்திருக்கிறார்கள். துணிச்சல்தான்!

முதலில் பெருமையைப் பேசிவிடுகிறேன். என் மூத்த பேரன் பல் மருத்துவன். இங்கே பாதிப்பேர் அவன் முன்னால் வாயைத் திறந்தவர்கள்தான். இரண்டாமவன் பொறியாளன்; அவன் கட்டிய பாலத்தில் நானே நடந்து பார்த்தேன், ஆடவில்லை. மூன்றாமவள் தணிக்கையாளர் தேர்வை முதல் முயற்சியிலேயே முடித்தவள். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

ஆனால் நான் மேடை ஏறியது நான்காமவளுக்காக. எதையும் நிதானமாகச் செய்வாள். அதனால் வீட்டில் அவளுக்கு நத்தை என்று பெயர். இளங்கலை வேதியியலில் அவள் வாங்கியது ஐம்பத்தெட்டு விழுக்காடு. என்ன, அந்தப் பக்கம் ஒரு "ச்சு" கேட்டது? அம்மா, அதே "ச்சு" எங்கள் வீட்டிலும் கேட்டது!

முதுகலை வேதியியல் படிக்கப்போகிறேன் என்றாள்.

"இந்த மார்க்குக்கு யாருடி சீட்டு குடுப்பா?" என்றான் பல் மருத்துவன்.

"அம்பத்தஞ்சு இருந்தா அப்ளை பண்ணலாம்னு அவங்களே போட்டிருக்காங்கண்ணா."

"நகைக்கடையிலகூட உள்ளே வாங்கன்னுதான் போட்டிருக்கான். போனவங்க எல்லாம் வாங்கிட்டா வர்றாங்க?"

அவளுடைய அப்பா, என் மகன், மின்சாமான் கடை வைத்திருப்பவன். "இந்த வருஷம் பாரும்மா. கிடைக்கலைன்னா நம்ம கடையில உக்காந்து பில்லு போடு" என்றான். கோபமாகச் சொன்னாலும் பதில் பேசலாம். அவன் அன்பாகச் சொன்னான். அவள் முகம் வாடிப்போயிற்று.

ஏன் இந்தப் படிப்பில் சேர விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். எங்கள் குடும்பத்தில் எதையும் ஒருவர் தனியாகச் செய்ய விடமாட்டோம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரி சொன்னோம். அண்ணன் மருத்துவன் என்று ஒரு வரி. பாலத்துக்கு ஒரு வரி. தணிக்கைக்கு ஒரு வரி. "அறிவுச்சுடர் ஏற்றும் குடும்பத்தில் பிறந்த நான்" என்ற தொடக்கம் என் கைவண்ணம்! மதிப்பெண்ணைப் பற்றி மூச்சே விடவில்லை. மூன்று இடங்களுக்கு அனுப்பினோம். மூன்று இடத்திலும் இல்லை என்றார்கள். ஏன் சொல்லமாட்டார்கள்? பாலம் கட்டியவனையா அவர்கள் சேர்த்துக்கொள்ளப்போகிறார்கள்? பல் பிடுங்குபவனையா?

மிஞ்சியது ஒரே ஓர் இடம். நத்தை அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை நானே எழுதிக்கிறேன். யாரும் உள்ள வராதீங்க."

"நான் மட்டும் ஒரு ஓரமா..."

"முக்கியமா நீங்க வராதீங்க பாட்டி."

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதையும் மறைக்காமல் எழுதி அனுப்பினாளாம். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது! அங்கே துறைத்தலைவி அம்மையார் எடுத்ததுமே செய்முறை மதிப்பெண்ணில் கை வைத்தாராம். அவள் படித்த கல்லூரியில் ஒரு வழக்கம். காரக் கரைசலை அமிலத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும்போது நிறுத்தி, அளவைக் குறிக்க வேண்டும். வரவேண்டிய அளவை முந்தின ஆண்டுப் பிள்ளைகளே சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். வகுப்பே அதை எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடும். இவள் மட்டும் தன் கண்ணில் பட்டதை எழுதினாள். அளவு கூடிற்று; மதிப்பெண் குறைந்தது.

"எல்லாரும் எழுதினதையே எழுதியிருந்தா முழு மார்க் வந்திருக்குமே?" என்றாராம் அம்மையார்.

"வந்திருக்கும் மேடம். என்னுது ஏன் மாறுச்சுன்னு தெரிஞ்சிருக்காது."

"இப்போ தெரியுமா?"

"தெரியும் மேடம். காரக் கரைசல் பாட்டிலை மூடாம வெச்சுட்டேன். காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து அது பலம் குறைஞ்சுடுச்சு. அதான் அதிகமா விட வேண்டியதாச்சு. புதுசா கலக்கிப் பார்த்தேன், சரியா வந்துச்சு. அதுக்குள்ள மார்க் போட்டுட்டாங்க."

"அப்போ தப்பு உங்களுதுதான்?"

"என்னுதுதான் மேடம். முதல் வருஷம் தியரியும் எனக்குப் புரியல. மூணாம் வருஷம் ஏறியிருக்கு, பாருங்க."

அம்மையார் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இங்க வந்தா பாட்டிலை மூடி வைக்கணும்."

சேர்த்துக்கொண்டார்கள், சபையோரே! சேர்த்துக்கொண்டார்கள்!

தலைவர் மணியைத் தொடுகிறார். தொடட்டும், இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். மதிப்பெண் குறைந்தால் மனமும் குறைய வேண்டுமா? ஐம்பத்தைந்துக்குத் திறந்திருக்கும் கதவை ஐம்பத்தெட்டு வாங்கிய பிள்ளைக்கு நாமே சாத்தலாமா? தாய்மார்களே, விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்! குறைந்ததை மறைக்காமல், ஏன் குறைந்தது என்று எழுதச் சொல்லுங்கள்! ஏறியதை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள்! அவர்கள் எழுதும்போது பேனாவைப் பிடுங்காதீர்கள்! பாடம் கடினமாக இருக்கிறது என்று நேற்றுகூடச் சொன்னாள். இருக்கட்டும். கடினம் என்று தெரிந்துதானே கேட்டு வாங்கினாள்? படிப்பாள்!

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கும், தட்டிச் சிவந்த கைகளுக்கும், மணியை அடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்த தலைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.

கைப்பேசியில் படம் பிடிக்கும் மருமகளே, நிறுத்திவிடாதே; இதை அவளுக்கு அனுப்பு. நத்தைக் கண்ணு, பாட்டி பேசுறேன். நம்ம குடும்ப வாட்ஸ்அப் குழுவுல உன் படம் இன்னும் பள்ளிக்கூட யூனிஃபார்ம்லயே நிக்குது. லேப்ல போடுற அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு, முகம் நல்லாத் தெரியுற மாதிரி, புதுசா ஒரு போட்டோ எடுத்துப் போடும்மா.