பலகைக்கு அந்தப் பக்கம்

அதெப்படி டாக்டர், மனுஷங்ககிட்டேருந்து பூனைக்கு வருமா? நான் தலைகீழாத்தான் கேள்விப்பட்டிருக்கேன். பூனை முடி ஆகாது, மூச்சு ஆகாதுன்னு தைக்கக் குடுக்க வர்றவங்க பாடாத நாள் இல்ல. நீங்க என்னடான்னா நம்மளோட காய்ச்சல் இருமல்தான் அதுக்கு ஒட்டிக்கிச்சுங்கறீங்க. சரி, சரி. கைய ஜாக்கிரதையா வைங்க. உடம்பு முடியலன்னாலும் நகம் சும்மா இருக்காது.

என் வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே. பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு, நான் ஒருத்திதான். காலைலேந்து தையல் மெஷின்ல உக்காந்திருக்கேன், ஒரு தும்மல் கிடையாது.

பேரா? பெரிய மனுஷின்னு கூப்பிடுவேன். திங்கிறது எங்கிட்ட, தூங்குறது அடுத்த போர்ஷன்ல. நடுவுல பலகை அடிச்சிருக்கு, மேல ஒரு முழம் இடைவெளி. ஏறிக் குதிச்சுப் போயி அவ கழுத்துல மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தூங்கும். எனக்கு வயிறு எரியும், ஆமா, சொல்றதுக்கு என்ன.

அவன்னா என் தங்கச்சி. பார்சல் ஆபீஸ் கவுன்டர்ல வேலை, நாளெல்லாம் ஜனம். அவளுக்குக் காய்ச்சலான்னு எனக்கு எப்படித் தெரியும்? பேச்சுவார்த்தை நின்னு ரெண்டு வருஷமாச்சு.

இந்தப் பூனையாலதான். சிரிக்காதீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம இங்க தூக்கிட்டு வந்து கருத்தடை பண்ணிட்டா. உங்களுக்கு முன்னாடி இருந்தாரே, அந்த டாக்டர்கிட்ட. வயித்துல தையலோட வந்து நிக்குது. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! நீ பெத்திருந்தா இப்படிச் செய்வியாடின்னு கேட்டுட்டேன். அவளுக்குக் குழந்தை இல்ல டாக்டர். புருஷனும் போய்ச் சேந்துட்டார். அந்த வாய அப்பவே தெச்சிருக்கணும்.

அவ மறுநாளே கார்பென்டரக் கூட்டிட்டு வந்து பலகை அடிச்சா. மேல மட்டும் காத்துக்கு விடுங்கன்னா. காத்துக்காம்! பூனைக்குத்தான்னு எனக்குத் தெரியாதா?

என்ன கேட்டீங்க? தும்மலா? முந்தாநாள்லேந்து. நேத்துலேந்து அந்தப் பக்கம் போறதும் இல்ல. பலகையப் பாத்துக்கிட்டு உக்காந்து கத்துது. பால் வெச்சாலும் திரும்பல.

இல்ல, எனக்கு நாற்காலி வேண்டாம். உக்காந்தா இருப்புக் கொள்ளாது. மணி என்ன ஆச்சு? போன் பண்ணேன், ரெண்டு தடவ. அடிச்சுக்கிட்டே இருக்கு. நான்னு தெரிஞ்சா எடுக்க மாட்டா, அவ்வளவுதான். ரோஷக்காரி. வேற ஒண்ணும் இருக்காது. இருக்காதுல்ல?

அவ வீட்டுச் சாவியா? இதோ, பர்ஸ்லயே கிடக்கு. பூட்ட மட்டும் அவ மாத்தவே இல்ல. தொறந்துட்டுப் போயிருக்கலாம்தான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? அதான் முதல்ல இதத் தூக்கிட்டு உங்ககிட்ட வந்தேன். பூனைக்கு ஏன் இப்படின்னு கேட்டுட்டா... வந்து... நீங்க இதப் பாத்துக்குங்க டாக்டர், நான் ஒரு எட்டு ஓடிட்டு வந்துடறேன்.

என்னது? அவளுக்கு இருமல் இருந்துச்சாவா?

இருந்துச்சு. மூணு நாளா விடாம இருமினா. வெறும் பலகைதானே, எல்லாம் கேக்கும். முடியலன்னா வந்து கதவத் தட்டட்டுமேன்னு நான் டிவி சத்தத்தக் கூட்டிக் கூட்டி வெச்சேன். நேத்துக் காலைலேந்து கூட்ட வேண்டிய தேவையே வரல.