தீவில் தமிழ் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் வசந்தி

தமிழ்ச் சங்கத் தலைவர் திரு. நடராஜன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, சாந்த்ராகாச்சியிலிருந்தும் ஜாதவ்பூரிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, சாலுக்காலித் தீவில் படகேறி, கேனிங்கில் ரயில் பிடித்து, கல்கத்தா லேக் மார்க்கெட்டில் இருக்கும் இந்தச் சிறிய அரங்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் வங்காளச் சகோதர சகோதரிகளே, முன்வரிசையில் இருக்கும் சிஸ்டர் வசந்தியின் கணவர் மகேஷ் அவர்களே, மகள் கவிதா, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ராஜலக்ஷ்மி. இந்த ஊரில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சிஸ்டர் வசந்தியும் நானும் ஒரே விடுதி அறையில் தங்கி நர்ஸிங் படித்தோம். அழாமல் பேசி முடிப்பேன் என்று கவிதாவிடம் சொல்லியிருக்கிறேன். அழுவதற்குப் பெரிய காரணமும் இல்லை. அறுபத்தெட்டு வயதில், தன் சொந்த வீட்டில், கணவரும் மகளும் பக்கத்தில் இருக்க, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த வசந்தி எழுந்திருக்கவில்லை. நான் பார்த்த மரணங்களில் இவ்வளவு அமைதியானது அதிகமில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கையும் குறைவைத்த வாழ்க்கை இல்லை. அதைத்தான் உங்கள் முன் சொல்ல வந்தேன்.

சிஸ்டர் வசந்தி சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். அப்பாவுக்கு யார்டில் வேலை. பூர்வீகம் விருதுநகர்ப் பக்கம். படிப்பு முடிந்து அரசு வேலை கிடைத்தபோது அந்தக் குடியிருப்பே கொண்டாடியது. எந்த ஊர் என்று தெரிந்ததும் கொண்டாட்டம் நின்றுபோனது. சுந்தரவனத்தில், கேனிங்குக்கும் அப்பால், மின்சாரம் எட்டாத ஒரு தீவு. அங்கே ஒரு துணைச் சுகாதார நிலையம். அதற்கு ஒரே ஒரு நர்ஸ்.

அவருடைய அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடு. அப்புறம் யாரையாவது புடிச்சு மாத்தல் வாங்கிடலாம்."

முதல் நாள் பயணத்திலேயே ஆற்றில் தண்ணீர் வடிந்து, அவர் ஏறிய லாஞ்ச், அந்த மோட்டார் படகு, மணல்திட்டில் உட்கார்ந்துவிட்டது. மறுபடி தண்ணீர் ஏறும்வரை யாரும் எங்கும் போக முடியாது. வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றைக்கே திரும்பியிருப்பாள். வசந்தி என்ன செய்தார்? லாஞ்சில் இருந்த பெண்களோடு உட்கார்ந்து அவர்கள் கொடுத்த பொரியைத் தின்றார். யாருக்கு எத்தனை பிள்ளை, யாருக்கு மூட்டுவலி, யார் முழுகாமல் இருக்கிறாள் என்று கேட்டார். லாஞ்ச் கிளம்பும்போது தீவின் பாதிக் கதை அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "வார்டுல ஒரு மாசம் வேலை பாத்தப்பகூட இத்தனை பேரு என்கிட்ட பேசினதில்ல ராஜி."

ஆறு மாதம் முடிந்தது. மாற்றலுக்கு ஏற்பாடு செய்யட்டுமா என்று அம்மா கேட்டார். "ரெண்டு பேருக்குத் தேதி நெருங்குதும்மா, அது முடியட்டும்" என்றார் வசந்தி. அந்த இரண்டு பிரசவம் முடிவதற்குள் இன்னொருத்திக்குத் தேதி நெருங்கியது. சாலுக்காலியில் எப்போதும் யாருக்காவது தேதி நெருங்கிக்கொண்டே இருந்தது. அப்படியே நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

நடுவில் கல்யாணம் நடந்தது. மகேஷுக்கும் சாந்த்ராகாச்சிதான், வேகன் பழுதுபார்க்கும் வேலை. சனிக்கிழமை தீவுக்குப் போவார், திங்கள்கிழமை திரும்புவார். கவிதா பிறந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூட வயது வந்தபோது மகேஷின் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். மகேஷின் அப்பா நல்லவர். பேத்தி மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார்.

"புள்ளைய எங்ககிட்ட விட்டுடுங்க. இங்க நல்ல ஸ்கூல் இருக்கு, பேசறதுக்கு நாலு தமிழ்ப் புள்ளைங்க இருக்கு. காட்டை ஒட்டின அந்த ஊர்ல என்னத்தப் படிக்கப் போறா?"

வசந்தி குரலை உயர்த்தவில்லை. "அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு மாமா. நான் பிரசவம் பாத்த பிள்ளைங்க எல்லாம் அதுலதான் படிக்குது. உங்களுக்கு இது போதும்னு அந்த அம்மாங்ககிட்ட சொல்லிட்டு, என் பிள்ளைய மட்டும் இங்க கொண்டாந்து விட்டா, நாளைக்கு அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

எல்லோரும் மகேஷைப் பார்த்தார்கள்.

"புள்ளை அம்மாகூடவே இருக்கட்டும்பா" என்றார். "நான்தான் எடத்தை மாத்திக்கணும்."

நிரந்தரமான ரயில்வே வேலை. அதை விட்டுவிட்டு ஓர் ஆண்பிள்ளை மனைவி வேலை பார்க்கும் ஊருக்குப் போகிறான் என்றால் குடியிருப்பில் என்னென்ன பேசியிருப்பார்கள்? எல்லாம் பேசினார்கள். மகேஷ் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் தீவின் படகுத்துறையில் ஒரு பட்டறை போட்டார். டீசல் படகுகளின் எஞ்சினைப் பிரித்து மாட்டினார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்டபோது, "அங்க வேகன், இங்க படகு. ரெண்டுலயும் கையில ஒட்டறது அதே கிரீஸ்தான் அக்கா" என்றார்.

அவர்களுக்குக் கஷ்டமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஒரு மழைக்காலத்தில் கவிதாவுக்குக் கடுமையான காய்ச்சல். காற்று பலமாக இருந்ததால் படகுகள் ஓடவில்லை. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தைரியம் சொன்ன நர்ஸ், தன் பிள்ளையின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் தானாகவே இறங்கியது. "இங்கத்த அம்மாங்க படற பயம் அன்னிக்குத்தான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது" என்று பிறகு சொன்னார். பயம் புரிந்ததோடு நின்றாரா? இல்லை. காற்றுக்குத் தாங்கும் கனமான ஒரு பழைய படகைக் கணவரிடம் தேடச் சொன்னார். மகேஷ் அதற்கு நல்ல எஞ்சினைப் பொருத்தி, நோயாளிகளுக்கென்றே துறையில் நிறுத்தினார். அந்தப் படகில் போய்ப் பிழைத்தவர்கள் இந்த அரங்கத்தில் இருக்கிறார்கள். படகிலேயே பிறந்தவர்களும் இருக்கிறார்கள்.

பிறகு ஐலா புயல் வந்தது. கரை உடைந்து உப்புத்தண்ணீர் வயலுக்குள் புகுந்தது. சாலுக்காலியில் உயிர்கள் தப்பின, நிலம் தப்பவில்லை. குளத்து மீன் செத்தது, நெல் முளைக்கவில்லை. தீவின் ஆண்கள் பிழைப்புத் தேடிக் கிளம்பினார்கள். எங்கே கிளம்பினார்கள்? சென்னைக்கு, திருப்பூருக்கு, கோயம்புத்தூருக்கு. நம் முன்னோர் வேலை தேடி இந்த ஊருக்கு வந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் வேலை தேடி நம் ஊருக்குப் போனார்கள்.

அப்படிக் கிளம்பியவர்களில் ஒருவர் நிதாய் மண்டல். புதிதாகக் கல்யாணம் ஆனவர். மனைவி மாலதி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். தீவு முழுக்க 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிட்ட சிஸ்டர் வசந்தியிடம் நிதாய் வந்து, "தீதி, உங்க பாஷையில தண்ணிக்கு என்ன பேரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் வகுப்பு தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், சுகாதார நிலையத்தின் தாழ்வாரத்தில், கட்டடவேலைக்குப் போகும் ஆண்கள் பாய்விரித்து உட்கார்ந்து தமிழ் படித்தார்கள்.

வசந்தி அ, ஆ சொல்லிக்கொடுக்கவில்லை. 'எனக்குப் புரியல, மெதுவா சொல்லுங்க' என்பதுதான் முதல் பாடம். பிறகு 'தலை சுத்துது', 'கை வலிக்குது', 'கயிறு இல்லாம மேல ஏற மாட்டேன்'. எல்லோருக்கும் மிகவும் பிடித்துப்போனது 'சாப்டாச்சா'. ஒரே வார்த்தையில் ஒரு மனிதரிடம் பிரியம் காட்ட முடிகிறதே என்று நிதாய்க்கு ஆச்சரியம்.

இப்போது நான் சொல்லப்போவது என் கண்ணால் பார்த்தது. அந்தக் குளிர்காலத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு தீவுக்குப் போயிருந்தேன். தடுப்பூசி போடும் நாள். தாழ்வாரம் முழுக்கத் தாய்மார்கள். மாலதியும் இருந்தார், அவருக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வசந்தியின் போன் அடித்தது, கையில் ஊசி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். கோயம்புத்தூரில் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நிதாய்தான் பேசினார்.

"தீதி, என் காலை வெட்டப் போறாங்க."

"யாருடா சொன்னது?"

"இங்க நர்ஸ் சொன்னாங்க. நீங்க சொல்லிக்குடுத்த வார்த்தைதான் தீதி. கால், எடுக்கணும். என் காதால கேட்டேன். நான் ஓடிடறேன் தீதி. எப்படியாவது ஸ்டேஷனுக்குப் போயிடறேன்."

பக்கத்தில் நின்ற மாலதிக்கு எல்லாம் கேட்டுவிட்டது. நான் அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். உடைந்த காலோடு அந்த மனிதர் எழுந்து ஓடினால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும், வசந்திக்கும் தெரியும். யாரும் வெட்டாமலே அவர் காலை இழந்துவிடுவார்.

வசந்தியின் குரல் மாறவே இல்லை. "கட்டிலை விட்டு எறங்கிட்டியா?"

"ஒரு காலைக் கீழ வச்சிட்டேன்."

"அதை மெதுவா எடுத்து மேல வை. நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. போனை அந்த சிஸ்டர்கிட்ட குடு."

பிறகு தமிழில் பேசினார். "வணக்கம் சிஸ்டர். நானும் நர்ஸுதான், கல்கத்தாப் பக்கத்துல இருந்து பேசறேன். அந்தப் பையனுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது. "என்னங்க பண்றோம்? எலும்பு முறிஞ்சிருக்குதுங்க. காலையில எடுக்கோணும்னு சொன்னேன். எக்ஸ்ரேதானுங்க. எடுத்துப் பாத்துட்டு மாவுக்கட்டுப் போடுவாங்க. அதுக்குப் போயி இந்தத் தம்பி இப்படி அழுவுதுங்க."

வசந்தி ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நிதாயிடம், குழந்தைக்குச் சொல்வதுபோல வங்காளத்தையும் தமிழையும் கலந்து சொன்னார். "நிதாய், கேளு. கால்னா உன்னோட பா. காலைன்னா ஷொகால். நாளைக்கு ஷொகால்ல போட்டோ எடுப்பாங்க. உன் பா உன்கிட்டயேதான் இருக்கும்."

பிறகு நிதாய் அந்த நர்ஸைப் பார்த்துத் தமிழில் கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. "சிஸ்டர், சாப்டாச்சா?"

தாழ்வாரமே சிரித்தது. மாலதி சிரித்துக்கொண்டே அழுதார்.

கட்டுப் பிரித்து நிதாய் ஊர் வந்து சேர்ந்தபோது மகளுக்குத் தலை நிற்க ஆரம்பித்திருந்தது. இப்போது தீவிலேயே மோட்டார் வேன் ஓட்டுகிறார். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த போன் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மாலதி வகுப்புக்கு வந்து ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். "தீதி, எனக்கும் சொல்லிக்குடுங்க. அவர் போனை எடுக்கலேன்னா நான் யார்கிட்ட என்னன்னு கேக்கறது?"

அந்தக் கேள்வி எல்லா மனைவிகளுடைய கேள்வியாகவும் இருந்தது. அடுத்த மாதம் தாழ்வாரத்தில் பெண்கள்தான் அதிகம். மேஸ்திரியிடம் பேச, ஆஸ்பத்திரியில் விசாரிக்க, கணவன் தங்கும் வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு வார்த்தை பழக அவர்கள் படித்தார்கள். வசந்தியின் போன் நம்பர் தீவு தீவாகப் பரவியது. எங்கோ பெருங்குடியில், எங்கோ அவினாசியில் ஒருவர் சிக்கிக்கொண்டால், சாலுக்காலியில் ஒரு போன் அடிக்கும். பணி ஓய்வு பெற்ற பிறகும் அது அடித்துக்கொண்டேதான் இருந்தது.

அன்புக்குரியவர்களே, இந்த அம்மையாருக்கு என்ன குறை இருந்தது? நானே ஒருமுறை கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "கருவேப்பிலை. இந்த உப்பு மண்ணுல என்ன பண்ணினாலும் வர மாட்டேங்குது" என்றார். அன்றிலிருந்து நான் போகும்போதெல்லாம் லேக் மார்க்கெட்டிலிருந்து ஒரு கட்டு வாங்கிப் போவேன். அவ்வளவுதான் அவர் என்னிடம் கேட்டு வாங்கியது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன படிக்கப்போகிறாள் என்று கேட்டார்களே, அந்தக் கவிதா பட்டம் பெற்று, அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். தீவுப் பையனையே கல்யாணம் செய்துகொண்டாள். அவளுடைய தமிழ் பாதி வங்காளம். நான் போனால், "மாசி, முதல்ல தண்ணி சாப்பிடுங்க" என்பாள். வங்காளத்தில் சித்தி என்பது மாசி; தண்ணீரையும் சாப்பிடத்தானே செய்கிறார்கள். வசந்தி அதைத் திருத்தியதே இல்லை. "எனக்குப் புரியுதுல்ல, அது போதும்" என்பார். மகேஷின் அப்பா கடைசிக் காலத்தில் தீவுக்கு வந்து, பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தில் வருத்தம் இல்லை.

வசந்தியை வழியனுப்பிய நாளில் சுற்றியுள்ள தீவுகளிலிருந்து படகுகள் வந்தன. கூட்டத்தில் பெண்கள் வங்காளத்தில் அழுதார்கள். ஒருவர் இரண்டு பேரைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, சுத்தமான தமிழில், "மெதுவா அழுங்க அக்கா, தலை சுத்தும்" என்றார். அந்தத் தமிழ் யாருடைய தமிழ் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? படம் திறந்து, மாலை போட்டு, கலைந்துபோனால் முடிந்துவிடுமா? மகேஷிடமும் கவிதாவிடமும் பேசினேன், சங்கத் தலைவரிடமும் பேசினேன். அந்த போன் இனி கவிதாவிடம் இருக்கும். அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் வரும் அழைப்புகளைச் சங்கத்தின் உறுப்பினர்கள் முறை வைத்து எடுப்போம். ஓய்வு பெற்ற நர்ஸுகள் எங்களில் சிலர் அதற்கு ஒத்துக்கொண்டுவிட்டோம். வகுப்பை மாலதி நடத்துவார். மாதம் ஒருமுறை நம்மில் இருவராவது போய் அவரோடு உட்கார வேண்டும். நான் நடக்க முடிகிறவரை போவேன் என்று இந்த அவையின் முன் உறுதி சொல்கிறேன்.

அறுவடை முடிந்துவிட்டது. சென்னைக்குக் கிளம்பும் பையன்கள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். கட்டட வேலை எப்படிப்பட்டது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கூட்டம் முடிந்ததும் நான் வாசலில் நிற்கிறேன். அழ வேண்டியவர்கள் அழுதுவிட்டு வந்து என்னிடம் பேர் சொல்லுங்கள். சேறாக இருக்கும், பழைய செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். வகுப்பு இந்த ஞாயிற்றுக்கிழமையே இருக்கிறது.