நான்காவது மாடி வரைக்கும்

தேநீர் வேண்டாம், சாயிமா. பாலும் சர்க்கரையும் விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. நீங்கள் குடியுங்கள். பினாங்கிலிருந்து வந்த களைப்பு முகத்தில் தெரிகிறது.

எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். ரங்கூனில், இந்தத் தாமுவே பேட்டையில் மட்டுமே உடற்பயிற்சி சொல்லித்தருபவர்கள் நிறையப் பேர். கையைத் தூக்கு, காலை மடக்கு என்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். எனக்கு உணவு, தூக்கம், மனம், வசிக்கும் வீடு எல்லாம் சேர்ந்ததுதான் உடம்பு. அதற்காகத்தானே உங்கள் உம்மாவை என்னிடம் ஒப்படைத்தீர்கள். "கண்டிப்பா இருங்க சயாமா, உம்மா யார் பேச்சையும் கேக்காது" என்று, டீச்சரை பர்மாவில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு நீங்கள் அனுப்பிய குரல்பதிவை இன்னும் வைத்திருக்கிறேன்.

ரஹீமா அம்மாவை எனக்குப் பிடிக்கும். முதல் வாரம் கைகளை முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தொங்கப்போட்டுவிட்டுச் சிரிப்பார். "இந்த வெள்ளரிக்காயத் தின்னு தின்னுதான் ஒன் வீட்டுக்காரன் ஓடிட்டான், சயாமா" என்பார். எனக்குக் கோபம் வரவில்லை. அது சர்க்கரை பேசுகிற பேச்சு.

அடுக்களையிலிருந்த சர்க்கரை, பேரீச்சம்பழம், டின்பால் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். அப்படியும் எடை குறையவில்லை. பிறகுதான் பால்கனிக் கயிற்றைக் கவனித்தேன். ஆறாவது மாடியிலிருந்து தெரு வரை தொங்கும், நுனியில் மணி. மேலேயிருந்து ஆட்டினால் கீழே பீர் முகைதீன் பாய் கடையிலிருந்து பையில் டீயும் சமூசாவும் ஏறிவரும். கயிற்றை அறுத்தேன். மணியை மட்டும் பூந்தொட்டியில் வைத்தேன், அழகாக இருந்தது.

அதன்பின் அவர் படியிறங்கிப் போகத் தொடங்கினார். பகலில் கம்பிக்கதவை வெளியே பூட்டினேன். கைப்பேசி மனதை அலைக்கழித்தது, அதையும் வாங்கிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரர்கள் தன்லியினுக்குக் குடிபோய்விட்டதால் மாடியில் நல்ல அமைதி.

ஒருநாள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "மஞ்சுளா, நான் என்னம்மா கோழியா?" என்று கேட்டார். அன்றுதான் முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நெருக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவருடைய இன்சுலின் ஊசியை நான் தொடவில்லை. மருந்து மருத்துவரின் வேலை. காலையில் அவர் வழக்கமான அளவையே போட்டுக்கொள்வார். சோற்றைத்தான் நான் கால்பங்காக்கியிருந்தேன்.

அந்தப் புதன்கிழமை மூன்று மணிக்கு பாய் கடையில் வெறும் பச்சைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மேலே மணிச் சத்தம். துப்பட்டாக்களை ஒன்றோடொன்று முடிந்து, நுனியில் அந்த மணியைக் கட்டி இறக்கியிருந்தார். நான்காவது மாடி வரைக்கும்தான் எட்டியது.

"ரஹீமா லாத்தா கூப்புடுறாங்க போல, சயாமா."

"பழக்கம் விடுறப்ப அப்படித்தான், பாய். கண்டுக்காதீங்க."

"கை ஒரு மாதிரி நடுங்குதே."

"இன்னைக்குக் குடுத்தா நாலு மாசம் வீணாப்போயிடும்."

பாய் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி வரை போனார். சாவி என் பையில் இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

ஒரு கரண்டி சர்க்கரை போதுமாயிருந்தது என்று மருத்துவர் உங்களிடம் சொல்லியிருப்பார். நான் மறுக்கவில்லை. அது ஆசை இல்லை என்று எனக்கும் தெரிந்தது. டீக்கு ஆசைப்பட்டு யாரும் துப்பட்டாவை முடிந்துகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அதுவரை சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஐந்து மணிக்கு வழக்கம்போலக் கதவைத் திறந்தேன். பால்கனியில் சாய்ந்திருந்தார். துப்பட்டா கையிலேயே இருந்தது.

ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மணி ஆடத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தொழில் பழக்கம். கைகளை நீட்டியபடி இருபத்தாறு நிமிடம். முதல் வாரம் ஒரு நிமிடம்கூட முடியாதவர், சாயிமா.